மாலை ஆறு மணிக்கு இரண்டு டம்ளர்

ஏற்காடு
20 ஜனவரி 2025

அன்புத் தங்கை கவிப்பிரியாவுக்கு,

அக்கா வெண்ணிலா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் மாமாவும் சக்தியும் குளிரில் விறைத்துக்கொண்டு சுகமாக இருக்கிறோம். பனியன் கம்பெனித் தூசியில் உனக்கு வந்த இருமல் நின்றதா? கசாயம் வைத்துக் குடிக்க உங்கள் விடுதியில் அடுப்பு தருவார்களா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

வார நாளில் உன் ஃபோனை விடுதியில் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசலாம் என்றால் உன் மகள் சக்தி என் மடியில் ஏறி உட்கார்ந்துகொள்கிறாள். அவள் காதில் விழ வேண்டாம் என்றுதான் இந்தக் கடிதம்.

பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளைச் சோதிக்க டாக்டர்கள் வந்திருந்தார்கள். நம் சக்தியை எடை பார்த்தார்கள். ஒன்பது வயதுக்கு நாற்பத்தேழு கிலோ. பிறகு கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்களாம். பின்கழுத்தில் இருக்கும் அந்தக் கறுப்பைத்தான் நான் அழுக்கு என்று நினைத்து, அவள் கத்தக் கத்த ஒவ்வொரு ஞாயிறும் கடலை மாவு போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அது அழுக்கு இல்லையாம். உள்ளே ஏதோ சரியில்லை என்பதற்கு அடையாளமாம். சேலம் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். மாமா தன் டூரிஸ்ட் காரிலேயே கூட்டிப்போனார். வண்டியை நிறுத்த இடம் தேடி அவர் வெளியே சுற்றிக்கொண்டிருக்க, நானும் சக்தியும் உள்ளே போனோம். ரத்தம் எடுத்தார்கள். ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கிறது என்று தெரிந்தது.

டாக்டர் ஹேமலதா தங்கமான மனுஷி. "மாத்திரை எல்லாம் வேண்டாம்மா. தீனியை மாத்துங்க, தினமும் நடக்க விடுங்க. ரெண்டு மாசம் கழிச்சு மறுபடியும் ரத்தம் பார்க்கலாம்" என்றார். நிறையக் கேள்வி கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். இவள் வகுப்பிலேயே இன்னும் மூன்று பிள்ளைகளுக்கு இப்படி இருக்கிறதாம். அதனால் நீ பயப்படாதே.

பதிலை வீட்டு முகவரிக்குப் போடாதே. சக்தியின் வகுப்பு ஆசிரியை ஈவ்லின் டீச்சர் வீட்டு முகவரிக்கு என் பெயர் போட்டு அனுப்பு. மாமா ஏற்கெனவே முகம் வாடிக் கிடக்கிறார். நீ வேகத்தில் எதையாவது எழுதி, அது அவர் கண்ணில் பட வேண்டாம்.

உன் நினைவாகவே இருக்கும்,
அக்கா வெண்ணிலா


திருப்பூர்
29 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

கவி எழுதுகிறேன். உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு மூச்சே நின்றுவிட்டது, இருமல் எம்மாத்திரம்? உனக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அதைக் கேட்டுவிட்டேன், இனி விஷயத்துக்கு வருகிறேன்.

கல்லீரல் என்று எழுதியிருக்கிறாய். காலில் முள் குத்தியதை எழுதுவது போல எழுதியிருக்கிறாய். அவள் அப்பா எதில் போனார் அக்கா? முப்பத்து நான்கு வயதில், கண் மஞ்சளாகி, வயிறு பானையாகி என் ராஜ்குமார் கிடந்தபோதும் டாக்டர் ஸ்கேன் தாளைத் தூக்கிப் பிடித்துக் கல்லீரல் என்றுதான் சொன்னார். குடி இல்லாமல் கல்லீரல் கெடுமா? கம்பெனியில் என் பக்கத்து மேசை ஜெஸ்லின் அக்கா, "குடிக்காத பிள்ளைகளுக்கும் இப்ப வருதாம் கவி, டிவியில சொன்னாங்க" என்கிறார். டிவியில் ஆயிரம் சொல்வார்கள்.

நேராகவே கேட்கிறேன். மாமா மறுபடி குடிக்கிறாரா? ராஜ்குமாரும் அவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து குடித்தவர்கள். அவர் விட்டுவிடுவார் என்று நீ சத்தியமாகச் சொன்னதால்தான் பிள்ளையை உன்னிடம் விட்டுவிட்டு இங்கே வந்தேன்.

இன்னொன்று. நம் ஊர் தலைச்சோலையில் சின்ன வயதில் நமக்குச் சளி பிடித்தால் அப்பா ஒரு ஸ்பூன் பிராந்தியை வெந்நீரில் கலந்து ஊற்றுவார். நீ மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பாய், நான் துப்பிவிடுவேன். மலைக்காரர்கள் எல்லார் வீட்டிலும் அதுதானே வைத்தியம். அந்த ஸ்பூனை யாராவது என் பிள்ளை வாயில் வைத்தார்களா? ஒரு ஸ்பூன் இரண்டாகி, இரண்டு நாலாகியிருக்குமா?

மூன்றாவதாக, பள்ளி நாலரைக்கு விடுகிறது. நீ லாட்ஜில் அறைகளைச் சுத்தம் செய்துவிட்டு ஏழரைக்குத்தான் வீடு திரும்புகிறாய். அதுவரை அவளோடு இருப்பது யார்? என்ன செய்கிறார்கள்?

மாமா கண்ணில் படாத முகவரி கொடுத்திருக்கிறாயே, அதுவே என்னை அரிக்கிறது.

சக்திக்கு என் முத்தங்களைக் கொடு. பதிலுக்குக் காத்திருக்கும்,
கவி


ஏற்காடு
16 பிப்ரவரி 2025

அன்புள்ள கவிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது. லாட்ஜில் கல்யாணக் கூட்டம், எழுத உட்கார முடியவில்லை. நாங்கள் நலம். தலைச்சோலையில் அப்பா காப்பிப் பழம் பறித்து முடித்துவிட்டார், இந்த வருடம் விளைச்சல் பரவாயில்லையாம். உன்னை விசாரித்தார்.

உன் மாமா குடியை விட்டு ஒரு வருடம் எட்டு மாதம் ஆகிறது. சக்தி இந்த வீட்டுக்கு வந்த வாரத்தில் விட்டார். நான் சொன்னால் நீ நம்ப மாட்டாய், உன் மகளைக் கேள். ஒவ்வொரு நாளும் படுக்கப் போகும் முன் காலண்டரில் அவள்தான் கோடு கிழிக்கிறாள். "இன்னைக்கும் பெரியப்பா பாஸ்" என்று சொல்லிவிட்டுத்தான் படுப்பாள்.

பிராந்தி ஸ்பூன் எல்லாம் நம் சின்ன வயதோடு போயிற்று. இவளுக்குச் சளி என்றால் மிளகு ரசம், அதற்கும் அடங்காவிட்டால் ஆஸ்பத்திரி. இந்த வீட்டுக்குள் அந்தப் பாட்டில் வருவதில்லை.

டாக்டர் சொன்னபடி களியும் சாமைச் சோறும் செய்கிறேன். "இது கோழித் தீனிங்க பெரியம்மா" என்று மூஞ்சியைச் சுளிக்கிறாள். பரோட்டா கேட்டு ஒரு நாள் அழுதாள், கொடுக்கவில்லை. போன வருடப் பாவாடை இடுப்பில் ஏறவில்லை என்று அவளுக்கு வருத்தம். பச்சையில் ஒன்று தைக்கக் கொடுத்திருக்கிறேன்.

குளிருக்கு ஒரு கம்பளி வாங்கிக்கொள். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
வெண்ணிலா


திருப்பூர்
24 பிப்ரவரி 2025

அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

மூன்று கேள்வி கேட்டேன், இரண்டுக்குப் பதில் வந்தது. பாவாடை என்ன நிறம் என்றுகூட எழுதத் தெரிந்த உனக்கு, நாலரையிலிருந்து ஏழரை வரை என் பிள்ளை யாரோடு இருக்கிறாள் என்று எழுத இடம் இல்லாமல் போயிற்றா? சரி, நானே கண்டுபிடித்துவிட்டேன்.

ஞாயிறு வழக்கமாக நான் கூப்பிடுவது காலையில். நேற்று வேண்டுமென்றே மாலை ஆறேகாலுக்குக் கூப்பிட்டேன். நீ வேலையில் இருந்தாய். சக்திதான் எடுத்தாள். பின்னால் மாமா உட்கார்ந்திருந்தார். அவர் கையில் ஒரு கண்ணாடி டம்ளர், இவள் கையில் ஒன்று. இரண்டிலும் கறுப்பாக ஏதோ முக்கால்வாசி. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இவள் தன் டம்ளரை அவர் டம்ளரோடு முட்டிச் சிரித்தாள். அந்த முட்டல் எனக்குத் தெரியும் அக்கா. ராஜ்குமாரும் மாமாவும் எங்கள் வீட்டுப் பின்கட்டில் முட்டிய அதே முட்டல்.

"என்னங்க மாமா குடிக்கறீங்க?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லீங் அம்மிணி, சும்மா" என்று ஃபோனைத் திருப்பிவிட்டார். அதன் பிறகு உங்கள் வீட்டுக் கூரையைத்தான் ஐந்து நிமிடம் பார்த்தேன்.

ஒன்றும் இல்லை என்றால் ஏன் திருப்ப வேண்டும்? எனக்கு வேலை ஓடவில்லை. இன்று காலையிலிருந்து நான் செக்கிங் பார்த்த துணியில் பாதி ஓட்டை என்று திரும்பி வருகிறது. அந்த டம்ளரில் இருந்தது என்ன? ஒரே வார்த்தையில் பதில் எழுது.

கவி


ஏற்காடு
30 மார்ச் 2025

கவிக்கு,

அது கடுங்காப்பி.

ஒரு மாதமாக ஏன் எழுதவில்லை என்று கேட்பாய். கோபம் இருந்தது, எழுதவில்லை. உன் மாமா குடிகாரராக இருந்தவர்தான், மறைக்கவில்லை. அதற்காக அவர் வெந்நீர் குடித்தாலும் சந்தேகப்படுவாயா? நான் பெறவில்லை என்பதால் எனக்கு வளர்க்கவும் தெரியாது என்று நினைக்காதே. காய்ச்சலில் அவள் வாந்தியைக் கையில் ஏந்தியவள் நான்.

மற்றபடி இங்கே புதிதாக ஒன்றும் இல்லை. எல்லோரும் நலம்.

வெண்ணிலா


திருப்பூர்
9 ஏப்ரல் 2025

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலை இல்லை. மன்னித்துக்கொள்.

கடுங்காப்பி என்று எழுதியிருக்கிறாய். அப்பா களத்தில் காப்பிக்கொட்டை காயப்போட்டாலே சக்தி மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவாளே, மறந்துவிட்டாயா? பொய் சொல்வதற்கும் பிள்ளையைத் தெரிந்திருக்க வேண்டும்.

புதிதாக ஒன்றும் இல்லையா? போன ஞாயிறு ஈவ்லின் டீச்சருக்கு ஃபோன் செய்தேன். மார்ச் இருபத்து நாலாம் தேதி மறுபடி ரத்தம் எடுத்தார்களாம். மாமாதான் தனியாகக் கூட்டிப்போனாராம். நாற்பதுக்குள் இருக்க வேண்டிய கல்லீரல் கணக்கு ஜனவரியில் அறுபத்தெட்டு, இப்போது தொண்ணூற்றொன்று. உனக்கும் தெரியும் என்றார் டீச்சர். நீ களியும் சாமையும் போட்டது உண்மையானால் இது எப்படி ஏறியது? வேறு எதுவோ உள்ளே போகிறது. யாரோ ஊற்றுகிறார்கள்.

நான் சண்டைக்கு வரவில்லை. ஒரு வழி சொல்கிறேன். மே மாதம் சேர்வராயன் குகைக் கோயில் திருவிழா வருகிறது. மாமா சக்தியைப் பக்கத்தில் நிறுத்தி, சாமி முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யட்டும். "என் கையால் இந்தப் பிள்ளைக்குக் கெடுதல் எதுவும் போகவில்லை." இந்த வார்த்தைகள், ஒன்று குறையக் கூடாது. மலையில் பிறந்த யாரும் அந்தக் குகைக்குள் நின்று பொய் சொல்ல மாட்டார்கள். அவர் செய்துவிட்டால் நான் அங்கே வந்து உங்கள் இருவர் காலிலும் விழுகிறேன். செய்யாவிட்டால் பள்ளி திறக்கும்போது என் பிள்ளை என்னோடு இருப்பாள்.

கவி


ஏற்காடு
22 மே 2025

அன்புள்ள கவிக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? இங்கே மழை பிடித்துவிட்டது. சக்தி மூன்று கிலோ குறைந்திருக்கிறாள், இதை முதலில் எழுத நினைத்தேன்.

போன வாரம் திருவிழாவுக்குப் போனோம். சேலத்துக் கூட்டம், நம் மலைக் கூட்டம், வண்டி நிறுத்த இடமில்லாமல் கீழேயே இறங்கி நடந்தோம். நீ எழுதிக் கொடுத்த வார்த்தைகளை அவரிடம் முன்பே சொல்லியிருந்தேன். உன் கடிதத்தைக் காட்டவில்லை. நானே கேட்பதாகச் சொன்னேன். "சரி புள்ள" என்றார்.

குகைக்குள் குனிந்து போனோம். சக்தி அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பூசாரி தட்டில் கற்பூரத்தை ஏற்றினார். உன் மாமா கையை நீட்டினார். நெருப்புக்கு மேல் கை அப்படியே நின்றது. பூசாரி, "சீக்கிரம் அணைங்க சாமி, பொறத்தால சனம் நிக்குது" என்றார். இவர் கையை எடுத்துக்கொண்டார். திருநீற்றை எடுத்துச் சக்தி நெற்றியில் பூசிவிட்டு வெளியே நடந்துவிட்டார்.

உன்னிடம் மறைக்கக் கூடாது என்று நடந்ததை எழுதிவிட்டேன். ஏன் அணைக்கவில்லை என்று என்னைக் கேட்காதே. பிராந்தி இல்லை, அதை மட்டும் சொல்வேன். நீ எழுதியது பெரிய வார்த்தை கவி. அதை யாராலும் சுலபமாகச் சொல்லிவிட முடியாது.

பிள்ளையைக் கூட்டிப்போவது பற்றி எழுதியிருந்தாய். அவசரப்படாதே. எனக்கு அவளை விட்டால் யாரும் இல்லை.

வெண்ணிலா


திருப்பூர்
25 மே 2025

அக்காவுக்கு,

இனி என்ன இருக்கிறது? சாமி முன்னாலேயே கை வரவில்லை.

ஒரு வருடம் எட்டு மாதம், காலண்டர் கோடு, களி, சாமை என்று எத்தனை அளந்தாய். கட்டியவனைக் காப்பாற்ற என் பிள்ளையின் உடம்பைக் கொடுத்துவிட்டாயே. என்னைவிட நீ மூத்தவள் என்பதற்காக இதற்கு மேல் எழுதாமல் நிறுத்துகிறேன்.

ஜெஸ்லின் அக்கா வீட்டு மாடியில் ஓர் அறை பேசிவிட்டேன். விடுதியைக் காலி செய்கிறேன். பக்கத்திலேயே பள்ளிக்கூடம். ஜூன் ஒன்றாம் தேதி ஞாயிறு காலை ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்கு வருகிறேன். துணிமணியோடு அவளைக் கூட்டி வா. அந்த ஆளிடம் சொல்லாதே. நான் வீட்டுக்கு வர மாட்டேன்.

கவி


ஏற்காடு
29 மே 2025

அன்புள்ள கவிப்பிரியா அம்மிணிக்கு,

மாமா ஜீவானந்தம் எழுதுவது. நலம். உன் நலத்துக்குச் சேர்வராயனை வேண்டுகிறேன். நான் கடிதம் எழுதிப் பல வருடம் ஆயிற்று, தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்.

ஈவ்லின் டீச்சர் லீவுக்குச் சொந்த ஊர் போயிருக்கிறார். வீடு பூட்டியிருந்ததால், மேலே உன் அக்கா பெயரைப் பார்த்த தபால்காரர் உன் கடிதத்தைக் கார் ஸ்டாண்டில் என் கையில் கொடுத்துவிட்டார். பிரித்தது தப்புதான். படித்துவிட்டு உன் அக்காவிடமும் கொடுத்தேன். பிறகு அவள் உன் மற்ற கடிதங்களையும் எடுத்துக் காட்டினாள்.

அந்த டம்ளரில் இருந்தது கூல்டிரிங்க்ஸ். நான் சொல்வதை நீ நம்ப வேண்டும் என்று இல்லை, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

குடியை விட்டவனுக்கு மற்ற நேரமெல்லாம் எப்படியோ ஓடிவிடும். மாலை ஆறு மணி ஓடாது. முன்னே நான் ஒயின்ஷாப் பெஞ்சில் போய் உட்காரும் நேரம் அது. கை நடுங்கும், வாய் ஊறும். இனிப்பாக ஏதாவது உள்ளே போனால் அடங்கும். டூரிஸ்ட்காரர்கள் வண்டியில் பாதி குடித்த பெரிய பாட்டில், பிரிக்காத ஜூஸ், கிரீம் பன் எல்லாம் விட்டுப் போவார்கள். அதைக் கொண்டுவந்து டம்ளரில் ஊற்றிக் குடிப்பேன். தனியாக உட்கார்ந்து குடித்தால் பழைய ஞாபகம் வருகிறது. அதனால் சக்தியைக் கூப்பிட்டு, "வா சாமி, பெரியப்பாவுக்குத் துணைக்கு உக்காரு" என்றேன். அவளுக்கும் ஒரு டம்ளர். தினமும் இரண்டு, சில நாள் மூன்று. உன் பிள்ளை எதிரே உட்கார்ந்து பள்ளிக்கூடக் கதை சொல்லச் சொல்ல ஏழு மணி ஆகிவிடும். இப்படித்தான் நான் குடியை விட்டேன் அம்மிணி. விட வைத்தது அவள்தான். கொழுகொழுவென்று ஆகிறாள் என்று பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள், நானும் சந்தோஷப்பட்டேன்.

மார்ச் மாதம் ரத்தம் எடுக்கப் போனபோதுதான் டாக்டரம்மா சொன்னது என் காதுக்கு வந்தது. "தினமும் இவ்வளவு சர்க்கரைத் தண்ணி குடிச்சா புள்ளைக் கல்லீரல்ல கொழுப்புதானுங்க தங்கும்" என்றார். வண்டி ஓட்டிக்கொண்டு மலை ஏற முடியவில்லை. ஓரமாக நிறுத்திவிட்டேன். ராஜ்குமாருக்கு ஊற்றிக் கொடுத்ததும் இதே கைதான்.

அன்றே நிறுத்திவிட்டோம். "நான் இனி இது குடிக்க மாட்டேன், நீங்க அதைக் குடிக்கக் கூடாது, பேச்சு பேச்சா இருக்கணும்" என்று அவளே சொன்னாள். அன்று முதல் ஆறு மணிக்கு இரண்டு பேரும் ஏரியைச் சுற்றி நடக்கிறோம்.

சாராயம் கொடுக்கவில்லை என்று நீ சத்தியம் கேட்டிருந்தால் பத்துக் கற்பூரத்தை அணைத்திருப்பேன். என் கையால் கெடுதல் போகவில்லை என்று சொல்லச் சொன்னாய். போயிருக்கிறதே, எப்படி அணைப்பேன்?

நீ வந்து கூட்டிப்போ. அவள் உன்னோடு இருப்பதுதான் சரி. நான் தடுக்க மாட்டேன்.

உன் மாமா,
ஜீவானந்தம்


திருப்பூர்
2 ஜூன் 2025

மரியாதைக்குரிய மாமாவுக்கு,

கவிப்பிரியா எழுதுகிறேன். எந்த முகத்தோடு உங்கள் நலம் விசாரிப்பது என்று தெரியவில்லை. விசாரிக்கிறேன். நீங்கள் நலமாக இருக்கிறீர்கள் என்று யாராவது எனக்குச் சொல்ல வேண்டும்.

உங்கள் கடிதம் சனிக்கிழமையே விடுதிக்கு வந்துவிட்டது. மீதிப் பெட்டியை எடுக்க இன்று காலை போனபோதுதான் வார்டன் கொடுத்தார். நேற்று அதைப் படிக்காமல்தான் உங்கள் ஊருக்கு வந்தேன். பஸ்ஸில் ஏற்ற நீங்கள் சக்தியின் பையைத் தூக்கியபோது, "எம்புள்ளைக்கு ஊத்திக் குடுத்த கைதானுங்களே இது? பையைத் தொடாதீங்க" என்று அத்தனை டிரைவர்களும் டூரிஸ்ட்காரர்களும் பார்க்கக் கத்தினேன். நீங்கள் பையைத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றீர்கள். நீங்கள் பதில் பேசாததையும் குற்றத்துக்குச் சாட்சி என்றே எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

மலை வளைவுகள் முடிந்து சேலம் வந்து சேரும்வரை சக்தி அழுதாள். சேலம் பஸ் ஸ்டாண்டில் அவள் அழுகையை நிறுத்த ஒரு கூல்டிரிங்க்ஸ் பாட்டிலும் கிரீம் பன்னும் வாங்கினேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு என் பிள்ளைக்கு என் கையால் வாங்கித் தருகிறேன். "வேண்டாங்மா, நானும் பெரியப்பாவும் இதை உட்டுட்டோம். நான் குடிச்சா அவரும் குடிச்சிருவாரு" என்றாள். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா மாமா? இந்த ஆள் பிள்ளையை எதையோ சொல்லி மிரட்டி வைத்திருக்கிறான் என்று தோன்றியது. "இனி நீ ஆருக்கும் பயப்பட வேண்டாம், குடி" என்று பிடித்து உட்கார வைத்தேன். அவள் வாயை மூடிக்கொண்டாள். தொடையில் ஓர் அடி வைத்தேன். பாட்டில் காலியாகும்வரை விடவில்லை. குடித்து முடித்துவிட்டு, "போச்சு, இனி பெரியப்பா குடிச்சிருவாரு" என்று ஏங்கி ஏங்கி அழுதாள். அதைச் சொல்லிக்கொண்டேதான் திருப்பூர் வரை வந்தாள்.

இன்று காலை உங்கள் கடிதத்தைப் படித்தேன்.

உடனே உங்கள் நம்பருக்கு அடித்தேன். அணைந்திருக்கிறது. இதோடு இருபது தடவையாவது அடித்திருப்பேன். அக்காவிடம் தனி ஃபோன் இல்லை. டீச்சரும் எடுக்கவில்லை. கம்பெனியில் இனி லீவு கேட்டால் வேலை போய்விடும், அறைக்கு முன்பணம் கட்டியதும் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் சக்தியைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். அவள் எங்கே இருப்பது என்று நாம் நான்கு பேரும் உட்கார்ந்து பேசலாம்.

இந்தக் கடிதம் உங்களுக்குப் புதன்கிழமை கிடைக்கும். அதிலிருந்து ஞாயிறு வரை நான்கு மாலைகள் இருக்கின்றன. அவள் குடித்தது அவள் பேச்சு மீறியதால் இல்லை, நான் அடித்ததால். அது கணக்கில் வராது மாமா. அந்த நான்கு மாலைகளையும் எப்படியாவது தாண்டிவிடுங்கள்.

உங்கள் மன்னிப்பை வேண்டும்,
கவிப்பிரியா


ஏற்காடு
5 ஜூன் 2025

கவிக்கு,

நானும் அவரும் இருக்கிறோம். சக்தி சாப்பிடுகிறாளா?

உன் கடிதம் நேற்று வந்தது. அவர் படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வண்டி எடுக்கவில்லை, ஃபோனைப் பெட்டிக்குள் போட்டுவிட்டார். நேற்றும் ஆறு மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நான் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தேன். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அவர் கிளம்பியதும் கொஞ்ச தூரம் விட்டுப் பின்னாலேயே போனேன். நேற்றும் போனேன். உன்னைச் சந்தேகப்பிராணி என்று மனசுக்குள் எத்தனை தடவை திட்டியிருக்கிறேன். இரண்டு வருடம் குடிக்காத மனிதனின் பின்னால் திருடி போல ஒளிந்து ஒளிந்து போனவள் நான்.

ஒயின்ஷாப் போகும் வழி பிரிகிற இடத்தில் நின்றார். நான் மரத்து மறைவில் நின்றேன். திரும்பாமலேயே, "மூணு நாளா கால் வலியோட வர்றே. பொறத்தால வராத புள்ள, பக்கத்துல வா" என்றார். இரண்டு பேரும் ஏரியைச் சுற்றினோம். நடந்துகொண்டே, "அம்மிணிக்கு மிச்சத்தையும் நீயே எழுதிரு" என்றார். அதனால் எழுதுகிறேன்.

அந்தப் பாட்டில்கள் அவர் வண்டியில் கிடைத்தவை இல்லை. லாட்ஜ் அறைகளில் விட்டுப் போனதை நான் கொண்டுவந்தேன். முதல் நாள் இரண்டு டம்ளரை எடுத்து வைத்தவளும் நான்தான். உன்னிடம் அவர் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டார்.

இன்னும் இருக்கிறது. டாக்டரம்மா ஜனவரியிலேயே என்னிடம் கேட்டார், "புள்ளை இனிப்புத் தண்ணி குடிக்குதா?" என்று. எப்போதாவது என்று பொய் சொன்னேன். "அதை அடியோட நிறுத்துங்க" என்றார். நிறுத்தவில்லை கவி. நிறுத்தினால் இவர் பழைய பெஞ்சுக்குப் போய்விடுவார் என்று பயந்தேன். பிள்ளை சின்ன உடம்பு, தாங்கிக்கொள்ளும், பிறகு சரி செய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். பிப்ரவரி முழுவதும், மார்ச்சில் அந்த ரத்தம் எடுத்த நாள் வரை தெரிந்தே கொண்டுவந்தேன். மார்ச்சில் டாக்டரம்மா அவரிடம், "உங்க சம்சாரத்துக்கிட்ட அப்பவே சொன்னேனே" என்று சொல்லியிருக்கிறார். இவர் வீட்டுக்கு வந்து, "இனி பாட்டில் கொண்டாராத" என்றாரே தவிர, ஏன் மறைத்தாய் என்று இன்று வரை கேட்கவில்லை. அன்று குகைக்குள் நெருப்புக்கு மேல் அவர் கை நின்றபோது பக்கத்தில் என் கை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

கட்டியவனைக் காப்பாற்றப் பிள்ளையின் உடம்பைக் கொடுத்தாய் என்று எழுதினாய். கோபத்தில் எழுதியிருப்பாய். அது சரியாகத்தான் இருந்தது.

இன்றும் ஆறு மணிக்கு நடந்தோம். இரண்டு மாலை முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை அவர் பஸ் ஸ்டாண்டில் நிற்பார். இதைப் படித்த பிறகும் உன்னால் முடிந்தால், சக்தியைக் கூட்டிக்கொண்டு வா.

வெண்ணிலா